பத்து நிமிடம்

மத்தி மீன் டின்னின் மூடி
முக்கால்வாசி திறந்ததும் அடம் பிடித்தது.
நானும் பிடித்தேன்.
இடது கட்டைவிரலுக்குக் கீழே, சதை மேட்டில்,
வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.
பிறகுதான் நினைவு வந்ததுபோல் இரத்தம்.

ஈசூன். பன்னிரண்டாம் மாடி.
புதன்கிழமை, இரவு ஒன்பதேகால்.
முகாமில் பிள்ளைகள் கைபேசி பார்க்கும் நேரம்.
மகிழ்நன் எட்டு வாரமாக
மருத்துவ உதவியாளர் பயிற்சியில் இருக்கிறான்.
இதுவரை அவன் கட்டுப் போட்டதெல்லாம்
பிளாஸ்டிக் கைகளுக்கு.

சோற்றுப் பானைமேல் சாய்த்து வைத்த திரையிலிருந்து
"அமுக்கிப் பிடிங்க" என்றான்.
"சுத்தமான துணி. கை நெஞ்சுக்கு மேல இருக்கணும்.
பத்து நிமிஷம். நடுவுல திறந்து பாக்கக் கூடாது.
மஞ்சத்தூள் வேணாம். காப்பித்தூளும் வேணாம்."
நான் டப்பாவைப் பார்த்ததை
அவன் எப்படிப் பார்த்தான்?

ரயில் நிலையத்தில் வேலை செய்பவள் நான்.
பத்து நிமிடம் என்றால் இந்நேரத்துக்கு இரண்டு ரயில்.
விடை தெரிந்த மாணவிபோல் கையைத் தூக்கி நின்றேன்,
யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல்.
நான்காம் நிமிடம்
துணியின் ஒரு மூலையை மட்டும் விலக்கினேன்.
"பாத்தீங்க" என்றான்.
"முதல்லேருந்து."

அடுத்த பத்து நிமிடமும் போனது.
சிவப்பு குறைந்தது, நிற்கவில்லை.
குழாய்த் தண்ணீரில் காட்டச் சொன்னான்.
"விரலை மடக்குங்க. நீட்டுங்க.
நுனியில தொட்டா தெரியுதா?"
தெரிந்தது.
"ரெண்டு ஓரமும் தானா சேருதா,
வாயத் திறந்துக்கிட்டு நிக்குதா?"
நின்றது.
இடைவெளியைக் கவனத்தில் கொள்ளவும் என்று
தினம் நூறு முறை நான் கேட்கும் குரல்
காதுக்குள் ஓடியது.

"உள்ள மஞ்சளா ஏதாச்சும்?"
மஞ்சள் போடாதே என்றவன்
மஞ்சள் தெரிகிறதா என்கிறான்.
தெரிந்தது. சோள முத்துபோல், சின்னச் சின்னதாய்.
என் கொழுப்பை நானே பார்த்தது அன்றுதான்.
அதுவரை பிறர் சொல்லிக் கேள்வி.

"தையல் போடணும்மா. இப்பவே.
காலையில பாத்துக்கலாம்னு படுத்துடாதீங்க."
அந்த அம்மாவில் குரல் லேசாகப் பிசகியது.
நான் கவனிக்காததுபோல் இருந்தேன்.

பக்கத்து வீட்டு ஸலேஹா
தலைத்துணியை இழுத்துவிட்டபடி
லிஃப்ட் பொத்தானை எனக்காக அழுத்தினார்.
இரவெல்லாம் திறந்திருக்கும் கீழ்த்தளக் கிளினிக்கில்
டாக்டர் குவெக் கேட்டார்:
கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது?
"மகன் வயிற்றில் இருந்தபோது."
அவர் கணினியில்
பத்தொன்பது ஆண்டு என்று தட்டினார்.

நான்கு தையல்.
மரத்துப்போகப் போட்ட ஊசிதான் வலித்தது.
இரண்டு நாள் ஈரம் கூடாது,
பிறகு சோப்புத் தண்ணீர், மெதுவாக ஒற்றித் துடை.
சூடாகி வீங்கினால், சீழ் வைத்தால்,
சிவப்புக் கோடு கைமேல் ஏறினால்
உடனே வா. இல்லையேல் பத்தாம் நாள்.
பிளாஸ்டிக் பைக்குள் கையைக் கட்டிக் குளித்தேன்.
அருள்மணி பாத்திரம் கழுவி
எங்கள் வீட்டில் பதினோரு தட்டு இருப்பதைக்
கண்டுபிடித்தார்.

வெள்ளி இரவு மகிழ்நன் வந்தான்.
பையை வாசலில் போட்டான், கை கழுவினான்,
கட்டைப் பிரித்தான், குனிந்து முகர்ந்தான்.
"நல்லா இருக்கு" என்றான், யாரோ பெரிய டாக்டர்போல்.

குனிந்தபோதுதான் கண்டேன்
அவன் முழங்கைக்குப் பின்னால்
இளஞ்சிவப்பில் ஒரு கோடு.
இருபுறமும் மூன்று மூன்று புள்ளிகள்.

"எப்ப?"
"ஏப்ரல்ல. மூணு தையல்தான்."
ஏப்ரலில் எந்த இரவு?
அன்று நான் என்ன சமைத்தேன், எதற்குச் சிரித்தேன்?

"யாரு அமுக்கிப் பிடிச்சது?"
"பக்கத்துக் கட்டில்காரன். ஜுன் வெய்."
"பத்து நிமிஷமும்?"
"நடுவுல ஒரு தடவ எட்டிப் பாத்துட்டான்."

"முதல்லேருந்து பிடிச்சானா?"

பிடித்தானாம்.